சேவல் கொண்டையிலிருந்து எண்ணெய் ஊசி வரை: ஆண் ஹார்மோன் மருந்தின் வரலாறும் அது தரும் பதற்றமும்



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வழக்கமாக நம்ம ஊர் ஏரி, கோவில், பழைய சாலை என்று எழுதுவேன். இன்று ஒரு மருந்தின் வரலாறு. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் மருந்து.

இதை எழுத இரண்டு காரணங்கள். முதல் காரணம் நான். நான்கு ஆண்டுகளுக்கு முன் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து, மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்து அகற்றினார்கள். அந்தச் சுரப்பிதான் மற்ற சுரப்பிகளுக்குத் தலைமையாசிரியர். அது கட்டளை அனுப்பினால்தான் விதைகள் ஆண் ஹார்மோனைச் சுரக்கும். அந்தக் கட்டளை நின்றுபோனதால் இன்றுவரை எனக்கு மருந்தாக அதைக் கொடுக்கிறார்கள். அறுபது வயதைக் கடந்த ஒரு வாத்தியார் இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுவதை நாம் மறைப்பதில்லை. இதுவும் ஹார்மோன்தான்.

இரண்டாவது காரணம் நீங்கள். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் வேலை பார்க்கும் என் மாணவர்களில் மூன்று நான்கு பேர், "சார், இந்த ஊசி போட்டா உடம்புக்கு நல்லதா?" என்று தனியாகக் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் சொன்னார்களாம். இன்னொருவருக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. "தெம்பு ஊசி" என்று யாரோ சொல்லியிருக்கிறார். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால் மனதில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

*1. சேவலில் தொடங்கியது*

காளையைக் காயடித்தால் அது சாதுவாகி ஏருக்கு அடங்கும் என்பது நம் விவசாயிகளுக்கு எத்தனையோ தலைமுறையாகத் தெரியும். ஏன் அடங்குகிறது என்பதுதான் தெரியாது.

1849-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்ற பேராசிரியர் ஆறு இளம் சேவல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். விதைகளை அகற்றிய சேவலுக்குக் கொண்டை சுருங்கியது, கூவவில்லை, சண்டைக்குப் போகவில்லை. சில சேவல்களுக்கு விதையை எடுத்து வயிற்றுக்குள் வேறு இடத்தில் வைத்தார். பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் அவை வழக்கம்போல் கொண்டை வளர்த்துக் கூவின. அப்படியானால் செய்தி நரம்பு வழியாகப் போகவில்லை, ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து போகிறது என்று அவர் முடிவு செய்தார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

*2. நம்பிக்கை முந்திக்கொண்டது*

அடுத்து வருபவர் பிரௌன்-செக்கார். 1817-ல் மொரீசியஸ் தீவின் போர்ட் லூயிஸில் பிறந்தவர். பின்னாளில் நம் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்த அதே தீவு. முதுகுத் தண்டு பற்றிய ஆராய்ச்சியில் பெரிய பெயர். 1889-ல், தன் 72-ஆம் வயதில், நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது, மாடிப்படி ஓடி ஏறுகிறேன், மூளை சுறுசுறுப்பாகிவிட்டது என்று பாரீஸ் அறிஞர் சபையில் அறிவித்தார். உலகம் முழுவதும் பரபரப்பு. உடனே கடைகளில் விதைச் சாறு விற்பனைக்கு வந்துவிட்டது.

இந்த ஹார்மோன் தண்ணீரில் சரியாகக் கரையாது. விதை அதைச் சுரக்குமே தவிரச் சேமித்து வைக்காது. அவர் தயாரித்தது நீர்ச்சாறு. 2002-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவர் முறைப்படியே சாறு தயாரித்து அளந்து பார்த்தார்கள். பலன் தரும் அளவில் ஹார்மோன் அதில் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தெம்பாக உணர்ந்தார். அது நம்பிக்கை தந்த தெம்பு.

அதன் பிறகு கூத்துகள் தொடர்ந்தன. 1920-ல் பாரீஸில் வோரோனாஃப் என்ற மருத்துவர் குரங்கின் விதைத் துண்டுகளைப் பணக்காரர்களுக்கு ஒட்டவைத்தார். வியன்னாவில் ஸ்டெய்னாக் என்பவர் விந்துக் குழாயைக் கட்டினால் இளமை வரும் என்றார். உளவியல் மேதை ஃபிராய்டு 1923-ல் அந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டார். தாகூரின் கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதிய கவிஞர் யேட்ஸ் 1934-ல் செய்துகொண்டார். எவ்வளவு படித்தவர்களாக இருந்தாலும் இந்த விஷயத்தில் ஆண்கள் ஏமாறுவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

*3. பதினைந்தாயிரம் லிட்டர்*

மருந்தைத் தனியே பிரித்த கதை வேறு மாதிரி. அங்கே பொறுமை இருந்தது. 1931-ல் ஜெர்மனியின் பூட்டனாண்ட் போலீஸ்காரர்களின் சிறுநீரைச் சேகரித்தார். கிட்டத்தட்ட 15,000 லிட்டர். அதிலிருந்து கிடைத்தது 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோன், அதாவது ஆண் ஹார்மோனின் உறவுக்காரப் பொருள். நம் ஊர்த் தண்ணீர் லாரி ஒன்றேகால் லாரி அளவு சிறுநீரிலிருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை.

1935-ல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கூர் குழுவினர் சுமார் 100 கிலோ காளை விதையிலிருந்து 10 மில்லிகிராம் தூய பொருளை எடுத்து, அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டிலேயே பூட்டனாண்டும், சுவிட்சர்லாந்தில் ருசிக்காவும் தனித்தனியாக அதைக் கொழுப்புப் பொருளிலிருந்து ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். இருவருக்கும் 1939-ல் வேதியியல் நோபல் பரிசு. பரிசைப் பெற ஹிட்லர் அரசு பூட்டனாண்டை விடவில்லை. 1940-களில் ரசல் மார்க்கர் என்ற அமெரிக்கர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து ஹார்மோன்கள் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்ததும் விலை சரிந்தது.

அந்தக் காலத்தில் மருந்தின் வீரியத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? காயடித்த சேவலுக்குக் கொடுத்து, கொண்டை எவ்வளவு வளர்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். பெர்தோல்டின் சேவல் தொண்ணூறு ஆண்டு கழித்தும் வேலை பார்த்தது.

*4. நம் சமையலறை எண்ணெய்கள்*

இனிதான் என் பதற்றத்துக்கும் இந்த வரலாற்றுக்கும் தொடர்பு வருகிறது. கவனமாகப் படியுங்கள்.

டெஸ்டோஸ்டிரோனை அப்படியே விழுங்கினால் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய் அங்கேயே அழிந்துவிடும். கல்லீரலுக்குத் தப்பும்படி மாற்றிய மாத்திரைகள் கல்லீரலையே கெடுத்தன. தூய பொருளை ஊசியாகப் போட்டால் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால் வேதியியலாளர்கள் ஹார்மோன் மூலக்கூறுக்கு ஒரு கொழுப்பு அமில வாலை ஒட்டவைத்து எண்ணெயில் கரைத்தார்கள். தசையில் ஊசி போட்டால் அந்த எண்ணெய்த் துளி அங்கேயே தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் விடும். வால் நீளமாக இருந்தால் மெதுவாக வரும்.

என்ன எண்ணெய் என்று பாருங்கள். எனாந்தேட் என்ற வகை நல்லெண்ணெயில் கரைத்தும் வந்தது. நம் ஊர் மருந்துக்கடைகளில் பலருக்கும் தெரிந்த சஸ்டனான் 250-ல் நான்கு விதமான வால்கள், 30, 60, 60, 100 மி.கி. அளவில், கடலை எண்ணெயில் கலந்திருக்கும். அதனால்தான் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது கூடாது. பத்து முதல் பதினான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் நெபிடோ என்ற நீண்டகால ஊசி விளக்கெண்ணெயில் இருக்கிறது. நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் மூன்று எண்ணெயும் இந்த மருந்தைச் சுமந்திருக்கின்றன.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. ஊசி போட்ட முதல் சில நாட்கள் இரத்தத்தில் ஹார்மோன் மேலே ஏறும், கடைசி நாட்களில் கீழே இறங்கும். ஏரி மதகைத் திறந்தவுடன் வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து, பிறகு வற்றுவது போல. இயற்கையான உடலில் இப்படி மூன்று வாரத்துக்கு ஒரு வெள்ளம், ஒரு வறட்சி கிடையாது.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க மருத்துவ உலகத்துக்கு வெகு காலம் பிடித்தது. ஏனென்றால் மருந்து 1930-களில் வந்துவிட்டது, ஆனால் இரத்தத்தில் அதை எளிதாக அளக்கும் பரிசோதனை வரவில்லை. ரோசலின் யாலோ என்ற பெண் விஞ்ஞானியும் பெர்சனும் 1950-களின் இறுதியில் இன்சுலினுக்கு ஒரு நுட்பமான அளவு முறையைக் கண்டுபிடித்தார்கள். 1977-ல் யாலோவுக்கு நோபல் கிடைத்தது. அந்த முறை டெஸ்டோஸ்டிரோனுக்கு வந்தது 1970 வாக்கில். அதுவரை முப்பது ஆண்டுக்கு மேல், அளக்க வசதி இல்லாமலே ஊசி போட்டார்கள். நோயாளி "டாக்டர், முதல் வாரம் படபடப்பாக இருக்கிறது, மூன்றாவது வாரம் எழுந்திருக்கவே முடியவில்லை" என்று சொல்லியிருந்தால், அது மனக்கோளாறா மருந்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1980-ல் ஸ்னைடர், லாரன்ஸ் என்ற இருவர் இதை அளந்தே பார்த்தார்கள். வாரம் ஒருமுறை 100 மி.கி., இரண்டு வாரத்துக்கு 200, மூன்று வாரத்துக்கு 300, நான்கு வாரத்துக்கு 400. கணக்குப் போட்டால் எல்லாம் வாரத்துக்கு 100 தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் உடலில் அது ஒன்றல்ல. ஒரே தடவையில் போடும் அளவு கூடக் கூட முதல் நாட்களின் ஏற்றமும் கூடியது. சராசரி ஒன்றாக இருப்பதால் அனுபவமும் ஒன்றாக இருக்காது.

*5. என் குறிப்பேடு*

எனக்கு ஆரம்பத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. முதல் ஊசிக்குப் பிறகு உண்மையிலேயே தெம்பு வந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் சில மாதங்களில் வேறு சில மாற்றங்கள். ஊசி போட்ட இரண்டாம் நாளிலிருந்து காரணமில்லாத பதற்றம். தெருவில் பைக் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும். பேத்தி பாடப் புத்தகத்தைக் கீழே போட்டதற்குக் கத்தினேன். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்தவன், பேத்தி பயந்து ஒதுங்குவதைப் பார்த்தபோது உள்ளே ஏதோ உடைந்தது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு. மூன்றாவது வாரம் நேர் எதிர். சோர்வு, வெறுமை.

வீட்டில் "ரிட்டயர் ஆகிட்டீங்க, சும்மா இருக்கிறதால வர்ற யோசனை" என்றார்கள். ஒரு கிளினிக்கில் "வயசாச்சு, தியானம் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். தியானம் நல்லதுதான். ஆனால் அது கேள்விக்குப் பதில் இல்லை.

எனக்குத் தெரிந்தது பதிவேடு எழுதுவது. ஒரு நாற்பது பக்க நோட்டில் நான்கு பத்தி போட்டேன்: ஊசிக்குப் பின் எத்தனையாவது நாள், எத்தனை மணி நேரத் தூக்கம், பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், குறிப்பு. நான்கு ஊசிக் காலம், பன்னிரண்டு வாரம் எழுதினேன். ஒவ்வொரு முறையும் இரண்டாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை மதிப்பெண் ஏழு, எட்டு. பத்தாம் நாள் மூன்று. மூன்றாம் வாரம் தூக்கமும் உற்சாகமும் இல்லை. ஓய்வு பெற்ற கவலை நாட்காட்டி பார்த்தா வரும்?

அந்த நோட்டை ஹார்மோன் மருத்துவரிடம் காட்டினேன். அவர் இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதைத்தான் எல்லாரும் கொண்டுவரணும்" என்றார். உடனே மருந்தை மாற்றவில்லை. முதலில் வேறு காரணங்களைப் பார்த்தார். கட்டி அகற்றிய பிறகு எனக்குத் தைராய்டு மாத்திரையும் உண்டு, அது கூடினாலும் இதே படபடப்பு வரும். அது சரியாக இருந்தது. பிறகு இரத்தத்தில் சிவப்பணு அளவு, அறிக்கையில் பி.சி.வி. என்று இருக்கும். எனக்கு 55 சதவீதம். இந்த மருந்து எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைக் கூட்டும், இரத்தம் கெட்டியாகும். 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைத்து, இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். என் மனைவியிடம் "சாருக்குக் குறட்டை கூடியிருக்கா?" என்று கேட்டார். கூடியிருந்தது, நடுவில் மூச்சு நின்று நின்று வந்தது. தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தாலும் சிவப்பணு கூடும், பகலில் பதற்றமும் வரும். அதற்குத் தனியாகச் சோதனை செய்து சிகிச்சை.

சில வாரம் இடைவெளி விட்டு, பிறகு ஒரு தடவைக்கான அளவைக் குறைத்து, இடைவெளியையும் குறைத்தார். தோலில் தடவும் ஜெல் என்று ஒன்று 2000-லிருந்து இருக்கிறது. தினமும் தடவுவதால் ஏற்ற இறக்கம் குறைவு. ஆனால் தடவிய இடம் குழந்தைகள் மேல் பட்டால் அவர்களுக்கு வயதுக்கு மீறிய மாற்றங்கள் வரும். பேத்தி மடியில் வந்து உட்காருகிற வீட்டில் எனக்கு அது வேண்டாம் என்று சேர்ந்து முடிவு செய்தோம். மாலை காபியை நிறுத்தினேன். இப்போது பதற்ற மதிப்பெண் இரண்டு, மூன்று. பூஜ்யம் இல்லை. என் மருந்தின் சரியான அளவை வேண்டுமென்றே எழுதவில்லை, யாரும் அதைப் பார்த்துப் போட்டுக்கொள்ளக் கூடாது.

*6. எல்லாருக்கும் இப்படியா?*

இல்லை. 2000-ல் ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் குழு, ஆண்களுக்கு வாரம் 600 மி.கி. வரை, அதாவது சிகிச்சை அளவைவிடப் பல மடங்கு கொடுத்துப் பார்த்தது. 50 பேரில் 42 பேருக்கு மனநிலையில் பெரிதாக மாற்றம் இல்லை. 6 பேருக்கு மிதமான கிளர்ச்சி. 2 பேருக்கு மட்டும் கடுமையான கிளர்ச்சி. யார் அந்த இரண்டு பேர் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

இதிலிருந்து இரண்டு பாடம். "எனக்கு ஒண்ணும் ஆகலையே, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்கும் நண்பர் சொல்வது அவர் உடம்புக்கு மட்டும் உண்மை. அதேபோல் எனக்குப் பதற்றம் வந்ததால் இந்த மருந்தே விஷம் என்று நான் சொல்வதும் தவறு. உண்மையான குறைபாடு உள்ளவருக்கு இது எலும்பையும் இரத்தத்தையும் வாழ்க்கையையும் காப்பாற்றும் மருந்து. நம் மாநிலத்தில் திருநம்பிகளும் மருத்துவர் மேற்பார்வையில் இதை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. அவர்களுக்கும் பி.சி.வி., தூக்கம், மனநிலை என்று இதே கவனிப்பு தேவை. கேட்கத் தயங்கும் நிலையில் அவர்களை வைக்கக் கூடாது.

*7. ஷிப்ட் வேலையும் காலைப் பரிசோதனையும்*

இது ஒரகடம் பிள்ளைகளுக்கு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளிவந்தபோது இந்த ஊரின் நேரமே மாறிப்போனது. ஆதிகேசவப் பெருமாள் கோவில் மணியை வைத்து நாளைக் கணக்கிட்ட ஊர், கம்பெனி பஸ்ஸை வைத்து ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று கணக்கிடத் தொடங்கியது.

உடல் இந்த ஹார்மோனைப் பெரும்பாலும் தூக்கத்தில்தான் உற்பத்தி செய்கிறது. 2011-ல் சிகாகோ ஆய்வு ஒன்றில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. நல்ல ஆரோக்கியமான இளைஞர்கள்.

பரிசோதனை விதி என்ன? காலையில், வெறும் வயிற்றில், தனித்தனி நாட்களில் இரண்டு முறை பார்த்து இரண்டிலும் குறைவாக இருந்தால்தான் குறைபாடு. இப்போது யோசியுங்கள். இரவெல்லாம் சி ஷிப்டில் நின்றுவிட்டு காலை ஏழு மணிக்கு பஸ் இறங்கி, அப்படியே ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்தால் அது அவன் உடலுக்குக் காலையா? அந்த ஒரு எண்ணை வைத்து "உனக்கு ஹார்மோன் கம்மி" என்று ஊசி போட்டால் வாழ்நாள் மருந்தில் மாட்டிவிடுவான். ஆகவே மருத்துவரிடம் முதல் வார்த்தையாக உங்கள் ஷிப்டைச் சொல்லுங்கள். பகல் ஷிப்ட் வாரத்தில், நன்றாகத் தூங்கி எழுந்து கொடுங்கள். சோர்வுக்கு முதல் சந்தேகம் தூக்கமின்மை, இரத்தச்சோகை, சர்க்கரை, தைராய்டு. அதன் பிறகுதான் இது.

*8. குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்கு*

இது மிக முக்கியம். பெயர் ஆண் ஹார்மோன் என்பதால் ஊசி போட்டால் குழந்தை பிறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், "நமக்கு வேலை இல்லை" என்று பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும். விதை வேலையை நிறுத்தும், விந்தணு உற்பத்தி குறையும், பலருக்கு முற்றிலும் நிற்கும்.

உலக சுகாதார நிறுவனம் இதை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே சோதித்தது. 1990-ல் முடிவு வந்தது. ஏழு நாடுகளில் 271 ஆண்களுக்கு வாரம் 200 மி.கி. விந்தணுவே இல்லை என்ற நிலையை அடைந்து அடுத்த கட்டத்துக்குப் போன 157 பேரின் குடும்பங்களில், ஓராண்டில் ஒரே ஒரு கருத்தரிப்பு. கருத்தடைக்குச் சோதித்த மருந்தைத்தான் குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் பிள்ளைக்குத் "தெம்பு ஊசி" என்று சொல்கிறார்கள். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. என்னிடம் கேட்ட அந்த மாணவர் நல்லவேளை ஊசி போடவில்லை. இப்போது கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்க்கிறார்கள்.

*9. பயத்தை விற்றவர்கள்*

நம் நாட்டில் ஹார்மோனுக்கு முன்பே ஒரு பதற்றம் இருந்தது. விந்து போனால் உயிர் போகும் என்ற பயம். 1960-ல் மனநல மருத்துவர் விக் அதற்கு "தாது நோய்க்குறி" என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். உடலில் நோய் இருக்காது, ஆனால் சோர்வு, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் உண்மையாக இருக்கும். பஸ் நிலையச் சுவரிலும் லாட்ஜ் அறையிலும் "இளமையில் செய்த தவறு" என்று பயமுறுத்தி லேகியம் விற்றவர்கள் பிழைத்தது அந்தப் பயத்தில்தான். இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே மருந்து, மாய மருத்துவ விளம்பரச் சட்டம் வந்தது. சுவரிலிருந்து போன விளம்பரம் இப்போது கைப்பேசிக்கு வந்துவிட்டது. லேகியத்துக்குப் பதில் ஊசி.

வெளிநாட்டிலும் இதே கதைதான். வயதானால் வரும் சாதாரணச் சோர்வுக்கெல்லாம் இதை எழுதித் தள்ளியதால், 2015-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. பிறகு 5,200 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. உண்மையான குறைபாடு உள்ளவர்களுக்கு மேற்பார்வையோடு கொடுத்தால் மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. இது ஆறுதல். ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது, நுரையீரல் இரத்தக் குழாயில் கட்டி அடைப்பது ஆகியவை மருந்து எடுத்தவர்களிடம் சற்று அதிகம் காணப்பட்டன.

ஆகவே நெஞ்சுப் படபடப்பு எல்லாவற்றையும் "பதற்றம்தான்" என்று ஒதுக்காதீர்கள். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீக்கம், தாறுமாறான துடிப்பு என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். ஊசியைத் தானாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

*முடிவாக*

வரலாற்றுப் பாடம் நடத்தும்போது கடைசியில் கரும்பலகையில் சுருக்கம் எழுதுவது என் பழக்கம்.

ஒன்று, இந்த மருந்தை விற்றவர்கள் எப்போதும் வேகமாக ஓடினார்கள், அளந்தவர்கள் பின்னாலேதான் வந்தார்கள். நமக்கு நன்மை செய்தவர்கள் அளந்தவர்கள்தான்.

இரண்டு, மருந்து ஆரம்பித்த மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இரத்தப் பரிசோதனை, பி.சி.வி., வயதானவர்களுக்குப் புரோஸ்டேட் பரிசோதனை. அதன் பிறகு ஆண்டுதோறும். முகப்பரு, கால் வீக்கம், குறட்டை, கோபம், பதற்றம் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூன்று, ஒரு நோட்டு போடுங்கள். ஊசி நாள், தூக்கம், பதற்ற மதிப்பெண், ஷிப்ட். "எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றால் மருத்துவருக்குப் பிடி கிடைக்காது. "மூன்றாம் நாள் எட்டு, பத்தாம் நாள் மூன்று" என்றால் கிடைக்கும்.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு ஆண் திடீரென்று சிடுசிடுத்தால் குணம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், எந்த மருந்து, எத்தனையாவது நாள் என்று பாருங்கள். அதற்காகக் கத்துவதையும் அடிப்பதையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. மருந்து காரணமாக இருந்தாலும் மருத்துவரிடம் போவது அவர் பொறுப்பு.

நான் மருத்துவன் இல்லை, வாத்தியார். அளவு, மருந்துப் பெயர் என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நோட்டில் எப்படிப் பத்தி போடுவது என்று கேட்டால் ஒரு பக்கம் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஒரகடம் பக்கம் ஷிப்டில் இருக்கும் தம்பிகள் யாருக்காவது பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள்.